இடப்பக்கத்துச் சாண்

"நான் கை வெச்ச இடம் வேற, நீங்க கோடு போட்ட இடம் வேற."

"உன் விரல் நுனியிலதானே போட்டேன், அதைத் தாண்டி எங்க—"

"நுனி எங்க இருந்துச்சு, கோடு எங்க இருக்கு, நல்லாப் பாருங்க."

"அப்ப நான் குருடன்னு சொல்றியா?"

"நான் எங்க சொன்னேன். நீங்களே சொல்லிக்கிறீங்க."

எங்கள் வீட்டில் காலைக் காபி இப்படித்தான் ஆறிப்போகும், டாக்டரம்மா. நீங்கள் நேற்று கேட்டீர்கள், பலகையை அளக்கும்போது மட்டும் என் வீட்டுக்காரருக்கு ஏன் தப்பு வருகிறது என்று. அவர் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தேன். சொல்கிறேன்.

வேலை பார்த்த காலமெல்லாம் கப்பலில் சமையல்காரர். வருடத்துக்கு ஒருமுறை, விருந்தாளி மாதிரி வந்து போவார். ஓய்வு பெற்று வீட்டோடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக மீன்பிடிக்க ஒரு சின்ன மரப்படகு கட்டப் போகிறேன் என்றார். கூடத்தில்தான். சோபா நடைவழியில் செங்குத்தாக நிற்கிறது. டிவி சுவரைப் பார்த்திருக்கிறது. நடுவில் படகு. என் தங்கை வந்தால் அதன் விலாக்கட்டையில்தான் கைப்பையை மாட்டுவாள். காபியில் மரத்தூள் மிதக்கும். நான் ஒன்றும் சொன்னதில்லை. மனுஷன் வீட்டில் இருக்கிறாரே, அது போதும் என்றிருந்தேன்.

அவர் டேப் வைத்து அளக்க மாட்டார். கப்பலில் இருந்த தச்சர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததாம், ஒரு படகை ஒரே கைதான் அளக்க வேண்டும், பாதியில் கை மாறினால் படகு நேராகப் போகாது என்று. இவருடைய சுண்டுவிரலோ டப்பா திறக்கும்போது நரம்பு அறுந்து மடங்கினது, மடங்கினதுதான். சாண் போட வராது. அதனால் என் கையைக் கேட்டார். பலகைமேல் நான் சாண் வைத்துக்கொண்டே போக வேண்டும், முடிகிற இடத்தில் அவர் கோடு போட்டு அறுப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் கையை அவர் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததே இல்லை.

முதல் பலகைகளுக்கு நேர்மையாகத்தான் வைத்தேன். அப்புறம் ஒருநாள் அவருடைய சிநேகிதர் வந்தார். பற்ற வைக்காத சுருட்டை வாயில் வைத்துக்கொண்டே திரிகிறவர், பெயரே சுருட்டுதான்.

"சீக்கிரம் முடிடா. விடியறப்பக் கிளம்பினா இருட்டினப்புறம்தான் வீடு" என்றார் சுருட்டு.

"ஞாயித்துக்கிழமை?"

"மீனுக்கு ஏதுடா ஞாயித்துக்கிழமை."

நான் டீயைக் கொடுத்துவிட்டு, "எனக்கு அதுல இடம் இருக்கா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். "ரெண்டு பேருக்குத்தாம்மா அளவு எடுத்திருக்கு" என்றார் இவர்.

அளவு எடுத்தது என் கையை வைத்து. அதை அவர்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

அடுத்த பலகையிலிருந்து, படகின் வலப்பக்கத்துக்கு விரலை நன்றாக விரித்து வைத்தேன். இடப்பக்கத்துக்குக் கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தினேன். ரொம்ப இல்லை. சாணுக்கு ஒரு நூல் அளவு குறைந்தால் பலகை முடியும்போது இரண்டு விரற்கடை குறைந்துவிடும். இதை நான் பெரிய தப்பாக நினைக்கவில்லை. கை என்றால் களைக்கும்தானே.

முதலில் ரம்பத்தைத் திட்டினார். பிறகு மரத்தை. ஒரே ஒரு நாள் காலையில் என்னைச் சந்தேகப்பட்டார். நான் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "கை பொய் சொல்லுமா?" என்றேன். மன்னிப்புக் கேட்டார். பாவமாகத்தான் இருந்தது. மத்தியானம் அவருக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்தேன். அதைச் சாப்பிடும்போதுதான், "எனக்குக் கண்ணுதான் போச்சு போலிருக்கு" என்று அவராகவே சொன்னார். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

பென்சிலை மட்டும் மாற்றினேன், வெளிறின ஈயமாகப் பார்த்து. உளியை அவர் வைத்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பேன். சட்டை போட்டுக்கொண்டு வந்தால், "பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க" என்று அவிழ்ப்பேன். அவிழ்த்து, இருந்த மாதிரியே திரும்பப் போட்டுவிடுவேன். "நல்ல வேளை, நீ பார்த்தே" என்பார்.

ஸ்கூட்டர் சாவியை அவரேதான் என்னிடம் கொடுத்தார். தெருவைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்கிறார். பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். கடலில் கொந்தளிப்பு என்று அவர்கள் போடாத நாளில் நானே போட்டுக்கொள்வேன். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. எங்களைப் பார்த்து எதிர்வீட்டுப் பெண், "இந்த வயசுல என்ன ஒரு ஒட்டுதல்" என்கிறாள். பொய்யா சொல்கிறாள்?

சுருட்டு மறுபடி வந்து, படகின் மூக்குப் பக்கம் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "டேய், இது மீன் பிடிக்காது. நாய் மாதிரி தன் வாலைத் தானே பிடிக்கச் சுத்தும்" என்றார். இவர் தலைகுனிந்து நின்றார். சுருட்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "படகு கிடக்கட்டும். கண்ணு சரியாகாம உன்னைத் தண்ணிப் பக்கம் கூட்டிட்டுப் போக மாட்டேன். உன் பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது."

நல்ல மனிதர். நான்தான் அவரைத் தப்பாக எடை போட்டிருந்தேன்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது நீங்கள். கோபமாகச் சொல்லவில்லை, உங்கள் தொழில் அது. நேற்று கண் காட்ட வந்தபோது உங்கள் எழுத்து அட்டையில் கடைசி வரியில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைக்கூட அவர் படித்துவிட்டார். நீங்களும், "கண்ணுல ஒண்ணும் இல்லீங்க, அப்ப தலையில என்னன்னுதான் பார்க்கணும்" என்று ஸ்கேனுக்கு எழுதிவிட்டீர்கள். வீட்டுக்கு வந்தவர் படகுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடப்பக்கத்துப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

"இன்னிக்குப் பலகையில தப்பறேன். நாளைக்கு உன் முகத்தையே யாருன்னு கேட்டுட்டா, என்ன பண்ணுவே?"

காபி ஆறுகிறது, குடியுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் குடிக்கவில்லை. ராத்திரியும் சாப்பிடவில்லை. அதற்காகத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். அவர் கண்ணும் நன்றாக இருக்கிறது, தலையும் நன்றாக இருக்கிறது. குறைந்தது என் சாண்தான், நான் குறைத்ததுதான். ஸ்கேனெல்லாம் வேண்டாம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். இதை அவரிடம் நானே சொல்கிறேனா, இல்லை நீங்கள் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறீர்கள். சொல்லலாம். சொன்னால் கெட்டிக்காரர், ஒரே வாரத்தில் படகை நிமிர்த்திவிடுவார். அப்புறம் அவருக்கு என்ன கிடைக்கும்? வெயில், உப்புத் தண்ணீர், சுருட்டு. கட்டினவளை நம்ப முடியாது என்கிற வருத்தம் வேறு. வயதானவருக்கு எதற்கு அதெல்லாம். தலைக்கு ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை கேட்டால் அவர் சாப்பிட்டுவிடுவார். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

"தலையில ஒண்ணும் இல்ல, கண்ணுலதான் கோளாறுன்னு சொல்லிடுங்க டாக்டரம்மா. நீங்க சொன்னது பொய்யாகிடக் கூடாது பாருங்க, அதனால போட்டாக் கொஞ்சம் மங்கலாத் தெரியற மாதிரி ஒரு கண்ணாடி எழுதிக் குடுங்க."