மூன்று மாதம்

— "இன்று காலை விசாரணையில் கூடியிருந்தோர்: தலைமையாசிரியை, மேசைக்குப் பின்னால். வேதியியல் ஆசிரியை, சன்னலோரம். மாணவி, நாற்காலி போட்டும் உட்காரவில்லை." எழுதியாச்சா டீச்சர்?

— எழுதிட்டேன் மேடம். காலேஜ் அவளுக்குக் கேட்டது வெறும் நடத்தைச் சான்றுதானே. எல்லாருக்கும் போல 'நன்று'ன்னு முத்திரை குத்திட்டா முடிஞ்சுது.

— குத்திக் குத்தித்தான் இந்த லட்சணத்துல இருக்கோம். ஒண்ணொண்ணா வருவோம். ஆய்வகத்துத் தராசை உடைச்சது?

— நம்ம முதல் மார்க்குக்காரி. காலையில தானா வந்து சொன்னா மேடம், அதையும் பாருங்க.

— பழி யார் தலையில விழுந்துச்சு?

— அவ கூடப் படிச்ச அந்த வாயாடி தலையில. பதிவேட்டுல கடைசிக் கையெழுத்து அவளோடது.

— அதை வெச்சு அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பினேன். 'நல்லா யோசிங்க மேடம்'னா. திமிருன்னு நினைச்சேன். இன்னைக்கு மத்தியானம் அவ வீட்டு வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டேன். கேட்டு என்ன? ஒரு வருஷம் போச்சே! எழுதுங்க: "உண்மையை மூன்று மாதம் மறைத்தாள்."

— ஐயோ, அந்த வரி மட்டும் வேண்டாம் மேடம். சீட்டே போயிடும்.

— தராசு கைதவறி உடைஞ்சது, அதை நான் எழுதவே மாட்டேன். இன்னொருத்தி படிப்பு போறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்து பரீட்சை எழுதினாளே, அதை எழுதாம? மார்க் வாங்கச் சொல்லிக்கொடுத்தோம். வேற என்னத்தைச் சொல்லிக்கொடுத்தோம்?

— பதினேழு வயசு. பயந்திருப்பா.

— யாருக்குப் பயந்தேன்னு நானும் கேட்டேனே. வாயைத் திறந்தாளா?

— ஃபேனைக் கொஞ்சம் வேகமா வைக்கட்டுமா?

— முதல்ல உட்காருங்க. நீங்க நடக்கிற நடையில எனக்குத் தலை சுத்துது. எழுதுங்க.

— "உண்மையை... மூன்று மாதம்... மறைத்தாள்."

— கொடுங்க. கையெழுத்துப் போட்டாச்சு. காலேஜ் உறையில போட்டு ஒட்டிடுங்க. தபால்காரர் வாசல்ல நிக்கிறார், அவர் கையிலேயே கொடுத்துட்டு வாங்க.

— சரி மேடம்.

— ஏன் இவ்வளவு நேரம்? கொடுத்தாச்சா?

— கொடுத்துட்டேன். சைக்கிள் தெருமுனை திரும்பினதும்தான் வந்தேன். மேடம்... அவ மறைக்கல. உடைஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே என்கிட்ட வந்து அழுதா. பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாதேன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்.