ஒண்ணை உருவினாலும் ஓடுற பெட்டி

ஏன் எல்லாரும் மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கீங்க? இதென்ன இழவு வீடா? நிமிந்து உக்காருங்க தாயி... குட்டியா ஒரு கதை வச்சிருக்கேன், கேளுங்க.

எங்க தெருவுல சகாயராணின்னு ஒரு பொண்ணு. வீட்டுல வச்சே கம்ப்யூட்டர்ல கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறவ. ஒரு தடவை அவ ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு... அதுல இருந்த கல்யாணமும் போச்சு. தாலி கட்டுனதத் திரும்ப எடுக்க முடியுமா? பொண்ணு வீட்டுக்காரங்க வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்திட்டுப் போனாங்க.

அன்னைக்கு ஒரு முடிவெடுத்தா. வேகமா வேலை பாக்கத் தனியா எஸ்.எஸ்.டி.ன்னு ஒரு வேகமான டிஸ்க். பத்திரமா வைக்க, ஒரே பெட்டியில ரெண்டு ஹார்ட் டிஸ்க். ஒண்ணுல எழுதுறது அத்தனையும் அதே நேரத்துல இன்னொண்ணுலயும் எழுதிக்கும்.

அவ புருஷனோட அண்ணன் சேவியர்... அவருக்கு இது ஆகல. "ஒரு டிஸ்க்ல கொள்ளுற சரக்குக்கு ரெண்டா? ரெண்டையும் ஒண்ணாச் சேத்தா இடமும் டபுளு, வேகமும் டபுளு. பொம்பளைக்குக் கணக்குத் தெரியுதா பாரு."

"சேக்கலாம் அத்தான். அப்புறம் ஒண்ணு செத்தா ரெண்டும் போயிரும். வேகமா ஓடிக் குழியில விழவா?"

எதுத்துப் பேசிட்டாளாம். மனுஷனுக்கு அது உள்ளுக்குள்ளயே புழுங்குச்சு. ஒரு நாள் சாயங்காலம், மறுநாள் கொடுக்க வேண்டிய கல்யாணம் அந்தப் பெட்டியிலேருந்து ஸ்கிரீன்ல ஓடிக்கிட்டிருக்கு. விறுவிறுன்னு வந்தாரு. "வீட்டுப் பொம்பளைக்கு எதுக்கு ஊரான் கல்யாணம்?" பெட்டியிலேருந்து ஒரு டிஸ்க்கை உருவி... மாடியிலேருந்து வீசிட்டாரு. சுக்குநூறு. நானா இருந்தா ஒரு அறை விட்டிருப்பேன்.

பெட்டி பீப் பீப்னு கத்துது. இவரு மீசையத் தடவிக்கிட்டுத் திரும்பிப் பாக்குறாரு... ஸ்கிரீன்ல மாப்பிள்ளை மாலை போட்டுக்கிட்டிருக்கான்.

"என்ன புள்ள... இன்னும் ஓடுது?"

அவ நாற்காலியப் பெட்டிக்கு முன்னால இழுத்துப் போட்டு உக்காந்தா. "சத்தம் கேக்குதுல்ல அத்தான்? ஒண்ணு போயிருச்சுன்னு சொல்லுது. வேலை நின்னுபோச்சுன்னு சொல்லல. தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க."

மறுநாள் வீடியோவக் கொடுத்தா. காலி இடத்துல புது டிஸ்க் ஒண்ணச் சொருகினா. மிஞ்சி நின்ன டிஸ்க், தன்கிட்ட இருந்ததையெல்லாம் புதுசுக்கு எழுதிக் கொடுத்துச்சு. அது முடியுற வரைக்கும் பெட்டி மெதுவாத்தான் ஓடுச்சு... ஆனா நிக்கல.

எதுக்கு இதச் சொல்றேன்? நேத்து நம்ம இறால் கம்பெனி என்ன பண்ணுச்சு? சங்கச் செயலாளர் ரெஜினாவ வேலைய விட்டுத் தூக்கிருச்சு. தூக்கிட்டு இப்ப கேட்டு வழியா எட்டிப் பாக்குது... இவளுக ஓஞ்சுட்டாளுகளான்னு.

ஐஸ்ல கை மரத்துப்போகுது, கையுறை கொடுன்னு கேட்டோமே, அது ரெஜினா ஒருத்திக்கு மட்டுந்தான் தெரியுமா? உங்க விரலுக்குத் தெரியாதா? ரெஜினாவ உள்ள கொண்டுவராம விட மாட்டோம். அதுவரைக்கும் அவ இடம் காலியாக் கிடக்கக்கூடாது. புதுசா வர்றவளுக்கு எல்லாத்தையும் நாம சொல்லிக் கொடுப்போம். கொஞ்ச நாள் தடுமாறுவோம். எனக்கும் பயமாத்தான் இருக்கு... இருந்துட்டுப் போகட்டும்.

அந்தச் செயலாளர் நாற்காலியில யாரு உக்காரப் போறீங்க? கம்பெனிக்காரன் பாத்துக்கிட்டிருக்கும்போதே... எந்திரிச்சு மேடைக்கு வாங்க.