மெஷினுக்கு ஒருநாள் ஓய்வு

– சத்தம் கேக்குதா?

– எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க.

– அதான். கேக்கணும். டிஸ்க்கு சுத்துனா லேசா ஒரு ரீங்காரம் வரும். இது டொக்குன்னு ஒரு தட்டுத் தட்டிட்டுப் படுத்துக்குது.

– இன்னொரு டிஸ்க்கு இருக்குல்ல? ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்னு நீங்கதானே சொன்னீங்க.

– அதுவும் இதே கதிதான் திலகா. ரெண்டும் ஒண்ணா வாங்குனது. ஒண்ணா ஓடுச்சு, ஒண்ணாப் படுத்துருச்சு.

– முந்தாநாள் வரைக்கும் நல்லா ஓடுச்சுங்களே. நான் எடுத்த ஆய்வுப் படமெல்லாம் பாத்தேனே.

– நேத்து ஆயுதபூசைன்னு அணைச்சோம்ல. பழைய டிஸ்க்கு நிக்காம ஓடுற வரைக்கும் ஓடும். நிப்பாட்டி ஆறவிட்டா சில சமயம் மறுபடி எந்திரிக்காது. கடை தொறந்த நாள்லேருந்து இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை நான் அணைச்சதே இல்ல. வருசா வருசம் ஓடுறது மேலயேதான் பொட்டு வைப்பேன்.

– அப்ப நான்தான் கெடுத்தேங்கிறீங்க.

– நான் அப்புடிச் சொன்னனா?

– சொல்லணுமாக்கும். தையல் மிஷினு, அருவாமனை, ஸ்கூட்டி எல்லாம் பூசையில ஓய்வா இருக்கு, இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு கேட்டது நான். என் ஆய்வு பூராம் இதுக்குள்ள இருக்கு, ஒருநாள் ஓய்வு கொடுத்து, சந்தனம் வச்சுக் கும்புடுவோம்னதும் நான்.

– அணைச்சது நான். பொத்தானை அமுக்குறப்பவே மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. ஒன் மொகத்தைப் பாத்தேன், அமுக்கிட்டேன்.

– சரி, அது இருக்கட்டும். ரெண்டையும் கழட்டிக் கொடுங்க. திருச்சியில செத்த டிஸ்க்கைப் பிரிச்சு உள்ள இருக்கிறதை எடுத்துக் கொடுக்குற ஆளு இருக்காராம். என் ஆய்வு கைடு ரகுநாத் சார் நம்பர் கொடுத்தாரு, பேசிட்டேன். விஜயதசமின்னாலும் கடை தொறந்திருக்காம். புதுக்கோட்டை பஸ்ஸு இப்ப வந்துரும்.

– நீ போக வேணாம்.

– திங்கக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்கணும். இனிமே நாள் நீட்ட முடியாதுன்னு யுனிவர்சிட்டியில சொல்லிட்டாங்க. எழுதுனது பென்டிரைவ்ல இருக்கு. படமும் அளவும் இதுக்குள்ளதான். கேமரா கார்டை அழிச்சு அழிச்சுத்தானே அடுத்த கண்மாய்க்குப் போனேன்.

– தெரியும்.

– தெரிஞ்சா இங்கிட்டும் அங்கிட்டும் நடந்துக்கிட்டே இருக்காம கழட்டுங்க. மறுபடி போயி எடுக்கலாம்னா இப்ப பேஞ்ச மழையில கண்மாயெல்லாம் பெருகிக் கெடக்கு. குமிழிக் கல்லு தலை மட்டுந்தான் தெரியுது. அந்தக் காலத்துல கண்மாய்த் தண்ணியைத் தொறந்துவிடக் கட்டுன கல்மதகு அது, தரை காஞ்சு கெடந்தாத்தான் பக்கத்துல நின்னு அளக்க முடியும். இனி அடுத்த சித்திரைதான்.

– திருச்சிக்காரன் பிரிச்சான்னா தூசி விழுந்து இருக்குறதும் போயிரும். எனக்கு ஒருநாள் கொடு. நாளைக்குச் சாயங்காலம் எல்லாத்தையும் ஒன் கையில தாரேன்.

– எப்புடி?

– எப்புடியோ.

– எந்திரிக்காதுன்னு இப்பத்தானே சொன்னீங்க.

– ஒண்ணு சொல்றேன் கேளு. இம்புட்டுக்கும் யாரு காரணம்? அந்தப் பெரிய பெரிய கம்பெனிக்காரங்கதான்.

– செத்தது ஒங்க மெஷினுங்க. அவங்களை எதுக்குத் திட்டுறீங்க?

– திட்டாம? முன்னாடி ஒரு சாப்ட்வேர் வாங்குனா அது நம்மளுது. இப்ப மாசாமாசம் வாடகை. வாடகை நின்னா நம்ம எழுதுனதையே நமக்குத் தொறந்து காட்ட மாட்டான். நல்லா ஓடுற கம்ப்யூட்டரை, புதுசு இதுல ஏறாது, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கிறான். இந்தா, மூலையில அடுக்கி வச்சிருக்கேன் பாரு, எல்லாம் அப்புடி வந்து விழுந்ததுதான். ஒண்ணுக்காச்சும் ஒரு நோக்காடு உண்டா?

– அது இருக்கட்டுங்க.

– எப்புடி இருக்கும்? போனை வாங்குன அன்னைக்கே, நம்ம என்ன பேசுறோம், எங்க போறோம், யாரைப் பாக்குறோம் எல்லாத்துக்கும் சம்மதம்னு ஒரு பட்டனை அமுக்கச் சொல்றான். அமுக்கலைன்னா போனு தொறக்காது. அதுக்குப் பேரு சம்மதமா? நீ பாடம் நடத்துற பள்ளிக்கூடத்தையே பாரு. பிள்ளைக கம்ப்யூட்டர் படிக்கிறோம்னு சொல்லிக்கிட்டு, ஒரு கம்பெனியோட பட்டன் எங்கிட்டு இருக்குன்னு மனப்பாடம் பண்ணுதுக. பெரிசானதும் அதைத் தவிர வேற எதையும் தொடப் பயப்படும். அவங்களை அண்டாம ஒரு மனுசனாச்சும் இருக்கணும்னுதான் இந்தப் பெட்டியை நானே கட்டுனேன்.

– தம்பி கார்முகிலு, இருக்கியாப்பா?

– வாங்க குழந்தைசாமிண்ணே.

– என்னத்த வாரது. நீ போட்டுக் கொடுத்த அந்த ஓசி சாப்ட்வேருல பில்லு வரமாட்டேங்குது. என் உரக்கடையில ஆளு நிக்குது.

– ஓசின்னு சொல்லாதீங்கண்ணே. எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாதது அது.

– அது சரிப்பா. என் பிரிண்டரு அதுக்குக் கட்டுப்பட மாட்டேங்குதே.

– அது பிரிண்டர்க்காரன் பண்ற அழிச்சாட்டியம்ணே. சாயங்காலம் வந்து பாக்குறேன்.

– யூரியா வாங்க வந்தவன் சாயங்காலம் வரைக்கும் நிப்பானா? பழையதையே போட்டுத் தாரேன் மாமான்னு என் மருமகன் மல்லுக்கு நிக்கிறான். ஒன் மொகத்துக்காகப் பொறுத்துக்கிட்டு இருக்கேன். ஏந்தா திலகவதி, பையும் கையுமா எங்கிட்டுக் கெளம்பிட்ட?

– திருச்சிக்குங்கண்ணே.

– நல்ல நாளு, போயிட்டு வா ஆத்தா. தம்பி, சாயங்காலம்னா சாயங்காலம். மறந்துறாத.

– பாத்தீங்களா? நம்ம அரிமளம் ஊருல பாதிப் பேரு ஒங்க கொள்கையைத் தலையில வச்சுச் சுமக்குறாங்க.

– பிரிண்டரு ஒரு சின்னக் கோளாறு. போயி சரி பண்ணிருவேன்.

– நானுந்தான் சுமந்தேன். பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவு போனுலதான் போடணும். அந்தப் போனை ஒங்களுக்காக வாசல்லயே அணைச்சிட்டு உள்ள வாரேன், செருப்பைக் கழட்டுற மாதிரி. எல்லாத்தையும் நெட்டுல ஏத்தி வைம்மா, மெஷினு போனாலும் அங்க இருக்கும்னு ரகுநாத் சார் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டாரு சார்னு சொல்லிட்டேன். பெருமையா வேற சொன்னேன்.

– நெட்டுன்னு ஒரு எடம் கெடையாது திலகா. அது அடுத்தவன் மெஷினு.

– அடுத்தவன் மெஷினு ஓடுதுல்லங்க.

– ஓடும். நாளைக்கே அவன் நெனச்சா ஒன் கதவைப் பூட்டிருவான். யாருகிட்டப் போயி கேப்ப? ஒரு ஆபீசு உண்டா, ஒரு ஆளு உண்டா?

– இங்க கதவு பூட்டலை, பெட்டியே போயிருச்சு. நான் யாருகிட்டப் போயி கேக்குறது? வெயில்ல கருவக்காட்டுக்குள்ள நடந்து, முள்ளு ஏறி, கால் வீங்கிக் கெடந்தேன். ஊர்க்காரங்க புதையல் எடுக்க வந்தவளுன்னு நெனச்சு வெரட்டுனாங்க. எல்லாம் ஒரு பொத்தானுல போச்சு. ஒங்க பேச்சை நான் ஒருநாளும் தட்டுனதில்ல. பிள்ளை பொறந்தப்பவும் தட்டலை.

– அதை எதுக்கு இப்ப இழுக்குற?

– வேற எப்ப இழுக்குறது? ஆஸ்பத்திரியில என் தம்பி போனை எடுத்தான். பச்சப்பிள்ளையைப் படம் புடிக்காதடா, கண்ணு படும்னு எங்க ஆத்தா சொல்லுச்சு. நீங்க கம்பெனிக்காரன் கண்ணு படும்னீங்க. இப்பவே மொகத்தை அவன் மெஷினு பதிஞ்சு வச்சுக்கிரும், வீட்டுக்கு வரட்டும், என் பழைய கேமராவுல எடுக்குறேன்னீங்க.

– திலகா.

– வீட்டுக்கு வரலை. ஒரு வாரங்கூட முழுசா இல்ல. படம் ஒண்ணு இல்ல. மொகம் எனக்கு மங்கிக்கிட்டே வருதுங்க. மூக்கு நெனவு இருக்கு, கண்ணு நெனவு இல்ல. ஒங்களுக்கு எதுவுமே நெனவு இல்ல போல. அன்னைக்கு நம்ம ரெண்டு பேருமாச் சேந்து வச்ச பேரு. அதை அப்பறம் ஒருநாளாச்சும் ஒங்க வாயால சொல்லி நான் கேட்டதில்ல.

– பஸ்ஸுக்கு நேரமாச்சுன்ன.

– ஆகட்டும். கழட்டிக் கொடுங்க, போறேன்.

– கொடுக்க மாட்டேன்.

– ஏன்? இதையும் நீங்களே வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?

– அந்த டிஸ்க்கு ஒனக்கு வேணாம். ஒன் படமெல்லாம் வேற எடத்துல இருக்கு.

– எங்க?

– இருக்கு. ஒண்ணு விடாம இருக்கு. நீ ஒவ்வொரு கண்மாய்க்கும் போயிட்டு வந்து பெட்டியில ஏத்துன அன்னைக்கே நான் ஒரு நகல் எடுத்து அங்க போட்டுருவேன். நம்ம ஊரு நெட்டுக்கு அம்புட்டையும் எறக்கணும்னா நாளைக்கு ஆயிரும். அதான் ஒருநாள் கேட்டேன்.

– எங்கன்னு கேட்டேன்.

– அவன்கிட்டதான்.

– எவன்கிட்ட?

– காலையிலேருந்து நான் திட்டிக்கிட்டு இருக்கேன்ல, அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட.

– இதை நீங்களா சொல்றீங்க?

– எனக்கு ஆயிரம் கொள்கை இருக்கும். என்னோடது போனா போகட்டும்னு விட்டுருவேன். ஒன் உழைப்பைக் கொண்டுபோயி என் கொள்கைக்கு அடகு வைக்க மனசு வரலை. நானே கட்டுன பெட்டிதான். ஆனா எனக்கே அது மேல பயம்.

– காலையிலேருந்து நான் பையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். வந்ததும் சொல்றதுக்கு என்ன? நான் என்ன சிரிச்சிருவேனா?

– டிஸ்க்கு எப்புடியோ பொழைச்சுக்கிச்சுன்னு சொல்லி நாளைக்குக் கொடுத்துரலாம்னு பாத்தேன்.

– மானம் போயிரும்னா?

– அதுவும் உண்டு.

– வேற என்ன உண்டு?

– ஒண்ணுமில்ல. நீ வீட்டுக்குப் போயி ஒரு வாய் காப்பி குடி. நான் எறக்கிக் கொண்டாரேன்.

– இப்பவே தொறங்க. ஒரு படத்தையாச்சும் கண்ணால பாத்தாத்தான் எனக்கு உசுரு வரும்.

– தொறக்குறேன். நீ அந்த ஸ்டூல்ல உக்காரு, அங்கிட்டு.

– ஏங்க தெரையைத் திருப்புறீங்க?

– வெளிச்சம் கண்ணுல அடிக்குது.

– வெளிச்சம் ஒங்க முதுகுப் பக்கம் வருது. யாரு பேருல கணக்கு வச்சிருக்கீங்க? என் பேருலயா?

– இல்ல. பொய்ப் பேரு. அவனுக்கு நம்ம பேரைக் கொடுக்கக் கூடாதுன்னுதான்.

– என்ன பேரு?

– ஏதோ ஒண்ணு அடிச்சேன். பேருல என்ன இருக்கு, படத்தைப் பாரு.

– நகருங்க.

– திலகா, வேணாம்.

– நகருங்கன்னேன்.

– எதுக்கு இப்புடிப் புடிவாதம் புடிக்கிற?

– பொற்கொடின்னு போட்டுருக்கு.

– ம்.

– என்னங்க, நம்ம பிள்ளை பேரு.

– பேரு கேட்டான். கை தன்னால அடிச்சிருச்சு. பொறந்த தேதி கேட்டான். நாளும் மாசமும் அவளோடதுதான். வயசு பத்தாதுன்னு உள்ள விடலை. வருசத்தை மட்டும் மாத்திக் கொடுத்தேன்.

– இதுக்குள்ள அவ படம் இருக்கா? எனக்குத் தெரியாம நீங்க ஏதாச்சும் எடுத்தீங்களா?

– இல்லம்மா. எடுக்கவே இல்லையே. குமிழிப் படந்தான் இருக்கு.

– அப்பறம் அவனை ஆகாது ஆகாதுன்னுட்டு, அவன்கிட்ட எதுக்குங்க இத்தனை வருசமா அவ பேரை விட்டு வச்சிருக்கீங்க? வேற பேரை மாத்திருக்கலாம்ல?

– மாத்தத்தான் எத்தனையோ தடவை உக்காந்தேன். முடியலை. வருசா வருசம் அந்தத் தேதியில, விடிஞ்சதும் அவன்கிட்டேருந்து ஒரு மெயில் வரும். அன்புள்ள பொற்கொடி, பிறந்தநாள் வாழ்த்துகள்னு. நீயும் சொல்றதில்ல, நானும் சொல்றதில்ல. அவளுக்கு வாழ்த்துச் சொல்றது இந்த உலகத்துலயே அவன் ஒருத்தன்தான் திலகா.