அறுபத்தொன்று புள்ளி எட்டு வீதத்தில் நின்ற லிப்ட்

மின்வெட்டுக் காலத்தில் லிப்டை நம்பாமல் மாடிப்படியில் ஏறிப் பழகுங்கள் என்று, இந்தக் கட்டடத்தின் செயலாளராக நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வந்திருக்கிறேன். குழுத் தலைவி என்ற முறையில் உங்களுக்கும் அது நினைவிருக்கும், மெற்றில்டா ரீச்சர். ஐந்தாம் மாடிச் சண்முகலிங்கம் மட்டும் கேட்கவில்லை. அவருக்கு முழங்கால் வலி. ஆகவே திங்கட்கிழமை நடந்ததில் கொஞ்சப் பொறுப்பு அந்த முழங்காலுக்கும் உண்டு.

நீங்கள் கேட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் நில அளவையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கோடு கீறியே பிழைத்தவன். ஓய்வுக்குப் பிறகு வெள்ளவத்தையில் கீறுவதற்கு ஒன்றுமில்லாமல் இருந்தபோதுதான், கனடாவிலுள்ள மருமகன் பங்குச் சந்தை பற்றிச் சில தாள்களைப் பிரதி எடுத்து அனுப்பினார். பிபனாச்சி என்று ஓர் இத்தாலியர். ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என்று முன்னிரண்டையும் கூட்டிக்கொண்டே போவார். போகப் போக ஓர் எண்ணை அடுத்த எண்ணால் பிரித்தால் அறுபத்தொன்று புள்ளி எட்டு வீதம் வரும். ஏறிய பங்கு விலை இறங்கும்போது, ஏறியதில் அத்தனை வீதம் இறங்கியதும் நின்று மேலே திரும்பும் என்பது கணக்கு. அங்கே திரும்பாவிட்டால் வேறு சில வீதங்களும் இருக்கின்றன. அவர் முயல்களை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். முயலுக்குச் சரியென்றால் இரத்மலானையில் பிஸ்கட் செய்கிற கம்பனிக்கு ஏன் சரிவராது என்று எனக்குப் பட்டது.

அந்தக் கம்பனியின் பழைய விலைகளை எல்லாம் வரைபடமாகக் கீறிப் பார்த்தேன். விலை திரும்பிய ஒவ்வோர் இடத்திலும் என் கோடு ஒன்று இருந்தது. என் மனைவி அன்னபாக்கியம் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தினை கோடு கீறினால் ஏதாவது ஒண்டிலை படத்தானே வேணும்" என்றாள். அவள் கணக்கில் எப்போதும் மட்டம்.

ஒருநாள் கோட்டையிலுள்ள பங்குத் தரகரிடம் போய்த் திரும்பும்போது இராணுவச் சோதனைச் சாவடியில் அந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். மேடும் பள்ளமுமாக ஒரு கோடு, குறுக்கே ஐந்து கோடுகள், பக்கத்தில் எண்கள். கொண்டுவந்தவன் தமிழன். அவர்கள் பதறியதில் பிழையில்லை. மேலதிகாரி வந்தார். நான் சிங்களத்தில் முயலிலிருந்து தொடங்கிப் பொறுமையாக விளக்கினேன். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, பிஸ்கட் பங்கு தானும் வாங்கலாமா என்று கேட்டார். இராணுவமே ஏற்றுக்கொண்ட பிறகு எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

என் பேச்சைக் கேட்டுத்தான் சண்முகலிங்கமும் அந்தப் பங்கை வாங்கினார். மகள் கௌரியின் கலியாணத்துக்கென்று வைத்திருந்த காசு முழுவதும் அதில் போட்டார். ஆவணியில் கலியாணம், மண்டபமும் பேசியாயிற்று. நல்ல மனுஷன். பின்னேரங்களில் நானும் அவரும்தான் கடற்கரைக்கு நடப்போம். என்னை அண்ணை என்று கூப்பிடுவார். எனக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லாத குறை அவரால் தீர்ந்தது.

பிறகு சண்டையில் விமான நிலையத்துக்கே அடி விழுந்தது. சந்தை சரிந்தது. பிஸ்கட் பங்கு இருபது ரூபாவிலிருந்து நாற்பத்தாறுக்கு ஏறியிருந்தது, இப்போது முப்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. என் கோடு முப்பது ரூபாவுக்கு ஏழு சதம் குறைவாக நின்றது. அங்கே திரும்பும் என்று சண்முகலிங்கத்துக்குச் சொன்னேன். ஞாயிறு பின்னேரம் அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, கோடு உங்கடை. பிள்ளை என்ரை. நாளைக்கு எல்லாத்தையும் வித்துப்போடப் போறன்."

என்னை அது வருத்தியது. அவருக்காக அல்ல, கோட்டுக்காக. யோசித்துப் பாருங்கள் ரீச்சர். கோட்டை நம்பி நாலு பேர் பங்கை வைத்துக்கொண்டிருந்தால்தான் விலை அங்கே நிற்கும். அவ்வளவு பங்கையும் அவர் கொண்டுபோய்க் கொட்டினால் எந்தக் கோடு தாங்கும்? அந்த இத்தாலியருக்கு நியாயமான ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டுமென்று நினைத்தேன்.

சண்முகலிங்கம் தொலைபேசியில் பங்கு விற்க மாட்டார். தரகரிடம் நேரில் போய்க் கையெழுத்து வைத்தால்தான் அவருக்கு விற்றது போலிருக்கும். ராகுகாலத்தில் வாசல் தாண்டவும் மாட்டார். திங்கட்கிழமை ராகுகாலம் ஒன்பது மணிக்கு முடிகிறது. ஆகவே அவர் எப்போது லிப்டில் ஏறுவார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு எந்தக் கோடும் தேவைப்படவில்லை.

லிப்டின் இயந்திர அறைப் பூட்டுக்குத் திறப்பு, செயலாளரான என்னிடம்தான் இருக்கும். லிப்ட் நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் வந்தபோது சுவிட்சை இறக்கினேன். மடக்குக் கம்பிக் கதவென்பதால் காற்றுக்குக் குறைவில்லை. வீட்டிலிருந்து ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் படியருகே போட்டு, அவருக்குத் துணையாக உட்கார்ந்தேன். மின்வெட்டு என்று அவரும் நம்பினார். இரண்டாம் மாடி நஸீறா தன் வீட்டில் காற்றாடி சுற்றுகிறதே என்றார். லிப்டுக்கு வேறு லைன் என்றேன். காவலாளி றேமண்டை லிப்ட் திருத்துகிறவரைக் கூட்டிவரப் பொரளைக்கு அனுப்பினேன். திருத்துகிறவர் இருப்பது ஹெந்தளையில்.

அவரை நான் பட்டினி போடவில்லை. கம்பிக்குள்ளால் வாழைப்பழமும் சீனி போடாத தேநீரும் கொடுத்தேன், அவருக்குச் சர்க்கரை வருத்தம் இருப்பதால். அன்னபாக்கியம் தரகரிடம் தொலைபேசியில் விலை கேட்டு மேலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பது என்றாள். இதோ திரும்பப் போகிறது என்றேன். இருபத்தேழு என்றாள். அப்போதுதான் என் பிழை தெரிந்தது. ஏற்றத்தை இருபதிலிருந்து எடுத்திருக்கக் கூடாது, அதற்கு முந்திய பன்னிரண்டு ரூபாவிலிருந்து எடுத்திருக்க வேண்டும். அழித்துக் கீறினேன். கோடு இருபத்தைந்தில் வந்து அழகாக உட்கார்ந்தது. கம்பிக்குள்ளால் அவருக்கும் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

இருபத்தைந்தும் போனபோது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அண்ணை, போனிலையாவது சொல்லி என்ரையை விக்கச் சொல்லுங்கோ. உங்களைக் கும்பிட்டன்."

போனில் விற்பது உங்கள் வழக்கமில்லையே, பிறகு நமக்குள் மனத்தாங்கல் வந்துவிடும் என்று ஞாபகப்படுத்தினேன். பதற்றத்தில் எடுக்கும் முடிவு சரிவராது என்றும் சொன்னேன். அதை இன்றும் சொல்வேன்.

சந்தை மூடியபோது விலை பத்தொன்பது. மருமகனின் தாள்களில் எழுபத்தெட்டு புள்ளி ஆறு என்று இன்னொரு வீதமும் இருக்கிறது. அதன்படி விலை நிற்க வேண்டிய இடம் பத்தொன்பதுக்குச் சற்று மேலே. அதாவது கணக்குக் கடைசியில் சரியாகவே வந்தது. சுவிட்சைப் போட்டேன். சண்முகலிங்கம் வெளியே வந்து, அந்த முழங்காலோடு மாடிப்படியில் ஏறி வீட்டுக்குப் போனார். பொரளையிலிருந்து வெறுங்கையோடு வந்த றேமண்ட் இயந்திர அறைப் பக்கம் என்னைக் கண்டான், விஷயம் உங்களிடம் வந்தது.

மண்டபத்தை விட்டுவிட்டார்களாம். மாப்பிள்ளை வீட்டார் நாளைத் தள்ளிப் போடச் சொல்கிறார்களாம். அந்தப் பிள்ளை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எனக்கு அது உண்மையில் வலிக்கிறது. அறிவைப் பகிர்ந்துகொள்ளப் போய் இப்படி ஆகிவிட்டது.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஓம், என்னிடமும் பிஸ்கட் பங்கு இருந்தது. அன்று காலை ஒன்பதரைக்குச் சந்தை திறந்ததும், அன்னபாக்கியம் தொலைபேசியை என் கையில் தந்து, "வித்துப்போட்டு வந்து கோட்டைப் பாருங்கோ" என்றாள். அப்போது சண்முகலிங்கம் லிப்டுக்குள் நின்று உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டுக்கு முழுவதையும் விற்றுவிட்டுத்தான் கதிரையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். கோட்டில் நம்பிக்கை இல்லாமல் அல்ல, ரீச்சர். சொந்தப் பங்கு கையில் இருந்தால் மனுஷனுக்கு ஆசை வரும், ஆசை வந்தால் கோடு கோணும்.