காய்ந்த பிறகுதான் டேப்பை எடுக்க வேண்டும்

இந்தப் பேச்சை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். என் மச்சினி வாண்டுவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். நான் மொத்தமாகப் பேசியதே பத்து வார்த்தைதான் என்பாள். அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல என்னால் முடியாது. நான் சொன்னது மட்டும் ஓரளவு ஞாபகம் இருக்கிறது. பல நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம். நான் பெயிண்ட் கடையில் கலர் கலக்குபவன். அன்று காலை பத்தரை மணிக்குக் கடையின் பின்பக்கம், கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவளோ வேறு யாராவதோ பேசிய இடங்களில் புள்ளி வைத்திருக்கிறேன். தனி வரியில் நீளமாக இருக்கும் புள்ளிகள் யாரும் பேசியது அல்ல. நான் பேசாமல் இருந்தது.

ஹலோ… ஆமா, நான்தான்… இல்ல, குரல் மாறல. உதடு கொஞ்சம் வீங்கியிருக்கு… வாண்டு, முதல்ல நீ உக்காரு… நிக்கிறியா? சரி, நில்லு.

ஆமா, உன் கிரீமைப் பூசினேன். நேத்து லீவுதானே, மத்தியானம் பன்னெண்டுக்கே பூசிட்டேன்… நாலும்தான். ஒரே நேரத்துல… பின்ன? ஒரு சுவத்துக்கு நாலு கலர் பாக்கணும்னா நாலு சுவரா கட்டுவாங்க? கட்டம் கட்டமா அடிச்சுப் பாப்போம். அதே மாதிரிதான். நெத்தியில ஒண்ணாம் நம்பர், கத்தாழை. இடது கன்னத்துல ரெண்டு, வெள்ளரி. வலது கன்னத்துல மூணு, காபி. மூக்குல நாலு, தேன்… ஆமா, எறும்பு வந்துச்சு. தாடையில ஒண்ணும் பூசல. சும்மா விட்டேன்… ஒப்பிட்டுப் பாக்கத்தான். எப்பவும் ஒரு கட்டத்தைச் சும்மா விடணும்.

ம்… ம்… பொறு, சொல்றேன்.

… … … …

இல்ல, லைன்லதான் இருக்கேன். எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சேன்… நல்லதை முதல்ல சொல்லவா? சரி. பூச வசதியா இருக்கு. பிரஷ்ல இழுத்தா நல்லா இழுபடுது… பிரஷ்லதான். ஒன்றரை இஞ்ச்… புதுசு, புதுசு! ஒரே கோட்டிங்ல மூடிடுது. வழியல. திட்டுத் திட்டா நிக்கல… ஆமா, ஆமா, வர்றேன், அதுக்குத்தான் வர்றேன். கெட்டது என்னன்னா, சிவந்திருக்கு.

எவ்வளவுன்னா… நம்ம கலர் கார்டுல ரோஸ் வரிசை இருக்குல்ல, அதுல கீழேருந்து மூணாவது… எரியுது, ஆமா. அரிக்கவும் செய்யுது… ஏய், அழாதே. வாண்டு… முப்பத்திநாலு வயசாச்சு உனக்கு, மூக்கை உறிஞ்சாதே.

எனக்குத் தெரியாதா? ஒம்பது வருஷம் பாத்த மருந்துக்கடை வேலையை விட்டுட்டு ஆறு மாசமா சமையலறையிலயே நிக்கிறே. முதல் ஆர்டர். நூத்தியிருபது டப்பா. பன்னெண்டு மணிக்கு அந்த பார்லர்காரம்மா வண்டி அனுப்புறாங்க. எல்லாம் தெரியும்மா. தெரிஞ்சுதானே என் மூஞ்சியைக் குடுத்தேன்… வேற யாரும் குடுக்கல, ஆமா. உங்கக்காகூடக் குடுக்கல.

எந்த நம்பருன்னு கேட்டா… அதான் சொல்லத் தெரியல. எல்லா நம்பர்கிட்டயும் சிவப்பா இருக்கு… பெயிண்ட் கடையில ஏது கண்ணாடி? ஸ்கூட்டர் கண்ணாடியிலதான் பாத்தேன். துண்டு துண்டாத்தான் தெரியுது. ஒரு தடவை காது, ஒரு தடவை பாதி மூக்கு… போட்டோ வேணாம். போன்ல வர்ற கலரை நான் நம்ப மாட்டேன். இருபது வருஷமா கஸ்டமருக்கு இதைத்தானே சொல்றேன், இப்ப உனக்குன்னா மாத்திக்க முடியுமா?

உங்கக்காவா? காலைல ஆறரை பஸ்ஸுக்குப் போயிட்டா. அவ போனப்புறம்தான் டேப்பை எடுத்தேன்… டேப்தான். மாஸ்கிங் டேப். ஒரு கட்டத்துலேருந்து இன்னொரு கட்டத்துக்கு ஒழுகக் கூடாதுன்னு ஓரமெல்லாம் ஒட்டினேன். உங்கக்கா பாத்துட்டு, ‘பார்சல் கட்டின மாதிரி இருக்கீங்க’ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

ஏன் அவ்வளவு நேரம் விட்டேன்னா… என்ன கேள்வி இது. காஞ்சப்புறம்தான் டேப்பை எடுக்கணும். ஈரத்துல எடுத்தா ஓரம் பிசிறடிச்சிடும். உன் கிரீம் காயவே மாட்டேங்குது! தொட்டுப் பாக்கறேன், ஈரம். மறுபடியும் தொட்டுப் பாக்கறேன், ஈரம். பத்தொம்போது மணி நேரம் பொறுத்தேன்… கிரீம் காயாதா?… காயவே காயாதா?… அதை நீ டப்பா மேல எழுதியிருக்கணும்.

ஒரு நிமிஷம், வாண்டு… வாங்கம்மா. முன்னாடி கவுன்ட்டர்ல ஆள் இருக்காங்க… என்னைத்தான் பாக்கணுமா? அப்ப அந்த ஸ்டூல்ல உக்காருங்க, இதோ வந்துர்றேன்… யாரோ கஸ்டமர். நீ சொல்லு.

ம்… ஆமா… அந்தம்மா என் மூஞ்சியையே பாத்துட்டு இருக்காங்க. பாக்கட்டும். காலையிலேருந்து எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க. முதலாளி இன்னிக்கி என்னை முன்னாடி வரவே வேணாம்னுட்டார்… என்னம்மா?… இதுவா?… இல்லைங்க, இது கலர் கார்டு இல்ல. என் நெத்தி… வாண்டு, என் நெத்தியில இருக்கிற ரோஸ் என்ன நம்பர்னு கேக்கறாங்க… சுவத்துக்குத்தான், வேற எதுக்கு?… சிரிக்காதே. இப்பத்தானே அழுதே?

சரி, சரி, விஷயத்துக்கு வா. ஒரு நம்பரைச் சொல்லியே ஆகணும்னா… மூணு. காபி. அந்தப் பக்கம்தான் எரிச்சல் ஜாஸ்தி. ஆனா உறுதியாச் சொல்லல, சந்தேகம்தான். இரு, யோசிச்சுச் சொல்றேன்.

… … … …

… … … …

என்ன சத்தம் அது? குழாயா?… எதுக்கு இப்பப் பாத்திரம் கழுவறே?… என்னது, கொட்டிட்டியா? மூணையா? முப்பது டப்பாக்கு வெச்சிருந்தது மொத்தமுமா?… நான் யோசிச்சிட்டு இருந்தேன்மா! யோசிச்சுச் சொல்றேன்னுதானே சொன்னேன்?… நான் பேசாம இருந்தா கெட்ட சேதின்னு யார் சொன்னா?… உங்கக்காவா… ஆமா, கல்யாணத்துக்குக் கேட்டப்ப நாலு நாள் ஒண்ணும் சொல்லல. உங்கப்பா வேற மாப்பிள்ளை பாக்கக் கிளம்பிட்டாரு. தெரியும். அஞ்சாம் நாள் சரின்னு சொன்னேன்ல? அதை யாரும் சொல்ல மாட்டீங்க.

சும்மா ‘மாமா, மாமா’ன்னு கத்தாதே, காது வலிக்குது. அதுலயும் டேப் ஒட்டியிருந்தேன்… மிச்சம் மூணு இருக்குல்ல? அதைத் தொடாதே. கையைக் கட்டிக்கோ… ஒரு கையில போன்னா இன்னொரு கையைக் கட்டிக்கோ.

இப்ப அந்த பார்லர்காரம்மாவுக்கு ஒரு போன் போட்டு, வண்டி அனுப்ப வேணாம்னு… என்ன?… கிளம்பிட்டாங்களா?… அவங்களே வர்றாங்களா, எங்க?… இங்கயா? கடைக்கா? எதுக்கு?… பூசிப் பாத்தவங்க மூஞ்சியை நேர்ல பாக்காம எதையும் வாங்க மாட்டாங்களா… ம்… முன்ன வேற யார்கிட்டயோ வாங்கி, ஒரு கல்யாணப் பொண்ணுக்கு… முந்தின நாளா? ஐயோ… ம்… இதை நீ எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்… சொன்னியா? எப்ப?… நான் அதுக்கு என்ன சொன்னேன்?… ஒண்ணும் சொல்லலையா. ம். அப்ப சொல்லியிருப்பே.

எப்படி இருப்பாங்க, ஆளு?… வெள்ளை முடி, குட்டையா வெட்டினது… ம்… பச்சைப் பை…

… … … …

வாண்டு. ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க.

ஆமா, எல்லாத்தையும் கேட்டுட்டாங்க. ‘மூணாம் நம்பர் பக்கம் எரிச்சல் ஜாஸ்தி’ன்னு அவங்க மூக்குக்கு நேராத்தான் நின்னு சொன்னேன்… கலர் கேட்டதா? அது நிஜமாவே கேட்டாங்க போல. பார்லர் சுவத்துக்கு… நீ இப்பப் பேசாதே. மூச்சு மட்டும் விடு.

வணக்கம்மா… ஆமாங்க, மச்சினிதான் லைன்ல… பாருங்க, தாராளமா பாருங்க… வாண்டு, தாடையைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பறாங்க. விஷயம் தெரிஞ்சவங்க. வெயில்லதான் பாக்கணும்… வாசலுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. முதலாளியும் வந்துட்டார். ரோட்டுல போற ரெண்டு பேரும் நின்னுட்டாங்க… ஏன்னா எனக்கு என்ன தெரியும், ஏதோ விக்கிறோம்னு நினைச்சிருப்பாங்க.

இதுங்களா, ஒண்ணாம் நம்பர்… இது ரெண்டு… இது மூணு… மூக்கு நாலு… தாடையில ஒண்ணும் பூசலைங்க… ஒண்ணுமே பூசல. சத்தியமா… அங்கயும் சிவப்பு இருக்குதா?… எங்க?… ஓரத்துல மட்டுமா?

… … … …

வாண்டு, எதையும் கொட்டிடாதே! இது நல்ல மௌனம்!

கேளு. ஒண்ணும் பூசாத கட்டத்துலயும் சிவப்பு இருக்காம். ஓரத்துல. கட்டத்துக்குள்ள எங்கயுமே சிவப்பு இல்லையாம். எல்லாம் கோடு, கோடா… என் மூஞ்சி ஜன்னல் கம்பி மாதிரி இருக்காம்… ஆமா, டேப் இருந்த இடம். டேப்புதான்… எனக்கு எப்படித் தோணும்? இருபது வருஷமா ஒட்டறேன், ஒரு சுவத்துல ஒரு பொட்டு கெட்டதில்ல. உன்னைச் சந்தேகப்பட்டேன், என்னைச் சந்தேகப்பட்டேன், அந்த எறும்பைக்கூடச் சந்தேகப்பட்டேன். டேப்பை மட்டும்… சுவத்துக்கு அரிக்காது, ஆமா. நல்லாப் பேசு.

உதடா? அது தேனு. நக்கிட்டே இருந்தேன். அதுக்கும் மேல டேப்பு… அதை விடு, அவங்க சொல்றாங்க… சொல்லுங்கம்மா… ம்… ம்… நிஜமாவா?… வாண்டு, வாங்கிக்கறாங்களாம்! நாலும் வேணுமாம். ஒரு நாள் பூரா டேப் கட்டி வெச்சும் உள்ளே ஒரு தடிப்பு வரலைன்னா இது நல்ல சரக்குதான்கிறாங்க. விரலால தடவிப் பாத்தாங்க. எல்லாத்துலயும் மூணுதான் ரொம்ப வழவழன்னு இருக்காம். வலது கன்னத்தை விடவே மாட்டேங்கறாங்க… மூணாம் நம்பரை மட்டும் ரெண்டு மடங்கா வேணும்ங்கறாங்க.

வாண்டு?… ஹலோ?… இப்ப நீ ஏன் பேசாம இருக்கே?

எல்லாமே போயிடுச்சா? அடியில கொஞ்சம்… தொட்டிக்கு அடைப்பு போட்டிருந்தியா?… போட்டிருந்தியா! அப்ப முதல்ல குழாயை மூடு… மூடலையா இன்னும்? பேசிட்டே இருக்கியே, மூடு, மூடு… விக்கிறதுக்கு இல்லடி, பக்குவம் பாக்கவாவது ஒரு கரண்டி எடுத்து வை… போனைக் கீழ வெச்சிட்டு… இல்ல, வெக்காதே, எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்… தோள்ல இடுக்கிட்டு ரெண்டு கையாலயும்… ஏய், குனியாதே, இடுக்கிட்டுக் குனியாதே, விழுந்து…

ஹலோ?… ஹலோ?

போன் தொட்டியில் விழுந்தது. ரிப்பேர் கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, காபி வாசனை தாங்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தொட்டியில் இருந்ததைக் காப்பாற்ற முடியவில்லை. பார்லர்காரம்மா தொண்ணூறு டப்பாவை அன்றே எடுத்துக்கொண்டு, மூன்றாம் நம்பருக்குப் பத்து நாள் கொடுத்தார். வாண்டு எட்டு தடவை தப்பாகக் காய்ச்சி, ஒன்பதாம் தடவை சரியாகக் காய்ச்சினாள். மருந்துக்கடைக்கு அவள் திரும்பப் போகவில்லை. தோல் டாக்டர் எனக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, டேப்பைச் சுவரோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். என் மனைவி அதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தாள்.

பார்லர் சுவருக்கு அந்த ரோஸைத்தான் கேட்டார்கள். ஸ்கூட்டர் கண்ணாடியில் நெற்றியைப் பார்த்துப் பார்த்துக் கலந்தேன். வழக்கமாக அளவை எழுதி வைப்பேன், அன்று எழுதவில்லை. மூன்று சுவருக்கு வந்தது. நான்காவதற்குக் கலக்க வேண்டிய நாளில் என் நெற்றி பழைய நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. ஞாபகத்தில் இருந்து கலந்தேன். ஜன்னல் பக்கத்துச் சுவர் இன்றைக்கும் ஒரு படி வெளுப்பாகத்தான் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் எல்லாம் ஒரே நிறம்தானே என்று வாண்டு கேட்கிறாள். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.