பச்சைப் புள்ளி

— நான் எதுவும் சொல்லித்தர மாட்டேன், துளசிங்கம் சார். வழக்கமா எப்படிப் பாப்பேளோ அப்படியே பாருங்கோ. பக்கத்துல உக்காந்து எழுதிண்டிருப்பேன்.

— தப்பா அமுக்கிட்டா?

— அது எங்க தப்பு. காலேஜ் வெப்சைட் கஷ்டமா இருக்குன்னு எல்லாரும் குறை சொல்றா. எங்க தடுமாறறான்னு பாத்து மாத்தணும். திருத்தணியில இந்த இன்டர்நெட் கடையிலேந்து உங்க பையன் ராஜேஷ் பேர்ல தினமும் யாரோ உள்ள வரான்னு தெரிஞ்சுது. வந்து பாத்தா நீங்க.

— டூட்டி முடிஞ்சு அரக்கோணத்துலேந்து வந்து எறங்கனா நேரா இங்கதான் சார். பாஸ்வேர்டு அவன் பொறந்த தேதி, அத்த மறப்பனா? ஆங், உள்ள போயிடுச்சு.

— மனசுல ஓடறதை வாய்விட்டுச் சொல்லிண்டே பண்ணுங்கோ.

— இந்த பஸ்ஸு படம், புக்கு படம் எதுவும் எனக்கு வோணாம். கீழ போய்க்கினே இருக்கணும். சின்னதா நீலக் கலர்ல அட்டெண்டன்ஸ்னு ஒரு வரி கீது பாருங்க, அதான். ரெண்டு தபா அமுக்கனா வெளிய தள்ளிடும். பொறுமையா அமுக்கணும்.

— எழுதிண்டேன். அப்புறம்?

— அவ்ளோதான். இதோ பச்சைப் புள்ளி. புள்ள இன்னிக்கும் காலேஜுக்கு வந்துகீறான். மூடிட்டு வூட்டுக்குப் போய்டுவேன்.

— மார்க் பாக்கறதில்லையா?

— போறானா இல்லியா, அது தெரிஞ்சா போதும் சார்.

— அதை ராஜேஷ்கிட்டயே கேக்கலாமே?

— பேச்சு கெடையாது. படிப்பு ஏறல நைனா, வேலைக்குப் போறேன்னான். ரயில்வே ஸ்டேஷன்ல நாலு பேர் எதிர்ல கை நீட்டிட்டேன். அன்னிக்குப் போனவன்தான். கூடப் படிக்கறவனோட தங்கிகினு காலேஜுக்குப் போறேன், தேடிகினு வந்தா அதையும் வுட்டுடுவேன்னு அவங்க அம்மாவுக்கு போன் பண்ணான். அதான் இங்க வந்து பாத்துக்கறது.

— சார், கொஞ்சம் இருங்கோ. இந்தப் பச்சைப் புள்ளி இன்னிக்குப் போட்டதா?

— ஆங். ஏன்?

— இன்னிக்கு காலேஜ்ல கிளாஸே நடக்கலை. காலையில கரண்ட் போய், பசங்களைத் திருப்பி அனுப்பிட்டா.

— பின்ன இது எப்படி வந்தது?

— வாத்தியார் எதுவும் குறிக்கலைன்னா அதுவா பச்சை போட்டுக்கும்.

— வராதவனுக்குமா? எவன் சார் அப்படி வச்சது?

— நான்தான். வாத்தியார்களுக்கு வேலை மிச்சம்னு நெனச்சேன். இருங்கோ, ராஜேஷோட கிளாஸ் வாத்தியாருக்கு போன் போடறேன்... பரந்தாமன் சார், ஷ்யாம் பேசறேன். உங்க கிளாஸ்ல ராஜேஷ்னு ஒரு பையன்... ஓ. எப்பலேந்து?... சரி சார், வச்சுடறேன்.

— இன்னா சொன்னாரு?

— பொங்கலுக்கு அப்புறம் வரவே இல்லையாம். ரெஜிஸ்டர்லேந்து பேரை எடுத்துட்டா, வெப்சைட்ல மட்டும் எடுக்கலை. அதனால யாரும் அவருக்கு எதுவும் குறிக்கறதில்லை.

— ஆடியே பொறந்துட்சே சார்.

— ஆமா.

— அப்ப இத்தினி நாளா நான் எத்த சார் பாத்துகினு இருந்தேன்?

— ஒரு நிமிஷம், கீபோர்டை இப்படித் தள்ளுங்கோ. இந்தக் கணக்குல யார் எங்கேந்து வந்தான்னு நான் பாக்கலாம். திருத்தணி, அது நீங்க. ஆனா ஓசூர்லேந்தும் ஒருத்தர் வரார்.

— ஓசூரா? அங்க எனக்கு யாரையும் தெரியாதே.

— பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?

— அவனுக்குத்தான்... காலேஜையே வுட்டவனுக்கு இதுல இன்னா வேலை?

— அவர் எதையும் திறக்கலை சார். தினமும் நீங்க பாத்துட்டுப் போனப்புறம் வரார். முதல் பக்கத்துல மேல, 'கடைசியாக உள்ளே வந்த நேரம்'னு ஒரு வரி இருக்கு. நீங்க வந்த நேரம் அதுல தெரியும், அதை மட்டும் பாத்துட்டுப் போயிடறார். போன மாசம் நடுவுல கொஞ்ச நாள் நீங்க இங்க வரலையா?

— காய்ச்சல்ல படுத்துட்டேன் சார்.

— அந்த நாள்ல மட்டும் விடிய விடிய, திரும்பத் திரும்ப வந்து பாத்திருக்கார்.