மீனைத் திரும்பிப் பார்க்காத பூனை

பள்ளிவாசல் கதவுப் பக்கம் நிக்கிறவங்க கொஞ்சம் உள்ள வந்து உக்காருங்க... திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாய்மார்களுக்குச் சத்தம் கேக்குதா? சரி. இதுவரைக்கும் நான் பேசினது மறந்து போனாலும் பரவாயில்ல. இப்பச் சொல்லப் போற குட்டிக் கதையை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போயிருங்க.

திருநெல்வேலிப் பக்கம் பீர் முகம்மதுன்னு ஒருத்தர். இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறவர். வீட்டுல அவரும் அவர் மனைவி ஜுலைகாவும்தான். பிள்ளை இல்ல. பிச்சின்னு ஒரு வெள்ளைப் பூனை வளர்த்தாங்க.

அந்தப் பிச்சிக்கு ஒருநாள் தும்மல் வந்துச்சு. வந்த தும்மல்... போகல. காலையில தும்மல். சோறு வச்சா தும்மல். தூக்கத்துல தும்மல். ஒரு வாரமா? ஒரு மாசமா? எட்டு மாசம்!

ஊசி போட்டாங்க. நாலு நாள் குறையும், அஞ்சாம் நாள் திரும்ப வரும். பார்த்தவங்க எல்லாரும் பஞ்சுத் தூசிதான் காரணம்னு சொன்னாங்க. பீர் முகம்மது என்ன பண்ணாரு தெரியுமா? பஞ்சு மூட்டை பூராவும் மொட்டை மாடிக்கு ஏத்திட்டாரு. சித்திரை வெயில்ல, தகரக் கொட்டகைக்குள்ள உக்காந்து தைச்சாரு. ஒரு பூனைக்காக! அப்பவும் தும்மல் நிக்கல.

எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாரு? மனுஷன்தானே...

ஒருநாள் ஒரு கல்யாண மெத்தை. வெள்ளைத் துணி. தைச்சு முடிச்சு விரிச்சு வச்சிருக்காரு. பிச்சி அது மேல ஏறி நின்னு ஒரு தும்மல் போட்டுச்சு. சளியோட ரத்தம். துணி பாழ்.

அவ்வளவுதான். சாக்கை எடுத்தாரு. பூனையை உள்ள போட்டு வாயைக் கட்டினாரு. ஜுலைகா வாசலை மறிச்சு நின்னாங்க. சத்தம் போடல. மெதுவா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"மச்சான்... அது வேணும்னா தும்முது?"

இவரு அவங்களை விலக்கிட்டு வெளிய வந்தாரு. மீன் மார்க்கெட்டுல விட்டா எப்படியாவது பிழைச்சுக்கும்னு முணுமுணுத்துக்கிட்டே வண்டியை எடுத்துட்டாரு.

மார்க்கெட்டுல சாக்கை அவிழ்த்தாரு. பிச்சி வெளிய வந்துச்சு. எதிர்ல சாளை மீன் குவிஞ்சு கிடக்கு. நாலஞ்சு பூனைங்க குடலுக்குச் சண்டை போடுது. மீன் வெட்டுற அம்மா இரக்கப்பட்டு ஒரு மீன் தலையை எடுத்து இது முன்னால போட்டாங்க.

பிச்சி... திரும்பிக்கூடப் பார்க்கல.

இது பூனைங்க! எதிர்ல மீனுங்க! நடுவுல ஒரு சாண் தூரங்க! அது மீனைப் பார்க்காம இவரு முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு. பார்த்துக்கிட்டே தும்முது.

இவரு அப்படியே நின்னுட்டாரு. குனிஞ்சு தூக்கினா... கையில எலும்புதான் தட்டுப்படுது. மூக்கு அடைஞ்ச பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியலைன்னா பூனை தின்னாது. சரியா சாப்பிட மாட்டேங்குதுன்னு ஜுலைகா எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. தும்மல் சத்தத்துல அந்த வார்த்தை இவரு காதுல ஏறவே இல்ல.

சாக்கை அங்கேயே விட்டுட்டு, பூனையைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு, வேற ஒரு டாக்டரம்மாகிட்ட ஓடினாரு. அந்த அம்மா இதுவரைக்கும் யாரும் கேக்காததைக் கேட்டாங்க. முதல் தும்மலுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு.

யோசிச்சாரு. அன்னிக்கு வாசல்ல முளைச்சிருந்த புல்லைத் தின்னுட்டு வாந்தி எடுத்துச்சுன்னு ஞாபகம் வந்துச்சு.

மயக்க ஊசி போட்டாங்க. வாயைத் திறந்து, அண்ணத்துக்குப் பின்னால வெளிச்சம் அடிச்சுப் பார்த்தாங்க. சின்ன இடுக்கியால எதையோ பிடிச்சு இழுத்தாங்க... இழுத்தாங்க... வந்துச்சு. ஒரு புல்லு. என் விரல் நீளத்துக்கு ஒரே ஒரு புல்லு!

டாக்டரம்மா அந்தப் புல்லை வெளிச்சத்துல தூக்கிக் காட்டினாங்க. அப்புறம் சொன்னாங்க:

"பாய், இவ்வளவு நாளா தும்மல்தான் வியாதின்னு நினைச்சிருந்தீங்க. இல்ல. வாந்தி எடுத்தப்ப மூக்குக்குள்ள ஏறி மாட்டினதை வெளிய தள்ளப் பார்த்திருக்கு. எட்டு மாசமா... ஒருநாள்கூட விடாம."

சுப்ஹானல்லாஹ்...

ஒரு முழ உடம்பு. அதுக்குள்ள படைச்சவன் வச்ச காவலைப் பாருங்க! ஊர் திட்டுது, காவல் நிக்கல. வளர்த்தவன் சாக்குல கட்டுறான், அப்பவும் நிக்கல. நூறு தடவை தோத்தாலும் நூத்தி ஒண்ணாவது தடவை தள்ளிப் பார்க்குது. யாரு சொல்லிக் கொடுத்தா அதுக்கு? எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுது?

சாயங்காலம் வீட்டுல மயக்கம் தெளிஞ்சுது. பிச்சி எழுந்து தள்ளாடித் தள்ளாடி வந்து பீர் முகம்மது கையை மோந்து பார்த்துச்சு. ஒவ்வொரு விரலா மோந்துச்சு. காலையில சாக்கைக் கட்டின அதே கைதான். மோந்துட்டு... அந்தக் கையிலேயே முகத்தை வச்சுப் படுத்துக்கிச்சு. அந்தப் பெரிய மனுஷன், பொண்டாட்டி முன்னாடி, குலுங்கிக் குலுங்கி அழுதாரு.

என் சகோதரர்களே, தாய்மார்களே... இது பூனைக் கதையா?

உங்க வீட்டுல ஒருத்தர் இருப்பாங்க. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுற மகன். ஒண்ணுமில்லாததுக்கு அழுற மகள். நாள் பூராவும் புலம்புற மனைவி. 'இவங்க குணமே இதுதான்'னு நாம முடிவு கட்டிட்டோம். வாயை மூடச் சொல்றோம். அது குணம் இல்லங்க. உள்ள ஏதோ குத்துது. அதைத் தள்ளப் பார்க்குறாங்க, முடியல... நமக்குச் சத்தம் மட்டும்தான் கேக்குது.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் பக்கத்துல உக்காந்து, "உனக்கு என்ன பண்ணுது?"ன்னு ஒரே ஒரு தடவை கேளுங்க. கேட்டுட்டு எழுந்து போயிராதீங்க... பதில் வர்ற வரைக்கும் உக்காந்திருங்க.